ஒன்பது நாள்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள் பார்ப்போம். சீக்கிரம் வந்தால் வயதைக் கூட்டும். தாமதமாக வந்தால் வயதைக் குறைக்கும். அது என்ன?

கல்யாணம் இல்லை. வழுக்கையும் இல்லை. நிதானமாக யோசியுங்கள். கைபேசியை வாசலிலேயே அணைக்கச் சொல்லிவிட்டார்கள், கையில் நம்பர் சீட்டைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். விரல் ரேகை எடுக்கக் கூப்பிடும்வரை நமக்கு வேறென்ன வேலை? உங்கள் சீட்டில் என்ன போட்டிருக்கிறது? அறுபத்தேழா? நான் அறுபத்திரண்டு. இப்போது நாற்பத்தெட்டு நடக்கிறது. வந்து உட்கார்ந்ததும் "எவ்வளவு நேரம் ஆகும் சார்?" என்று கேட்டீர்கள் பாருங்கள், அதனால்தான் இந்த விடுகதை ஞாபகம் வந்தது. இந்தக் கட்டடத்தில் கேட்கக் கூடாத கேள்வி அது ஒன்றுதான்.

என் பெயர் குணசீலன். சாத்தூர்ப் பக்கம். இங்கே கொலம்பஸில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் மென்பொருள் சோதிக்கிற வேலை. மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பது என் தொழில். ஒரு வரி விடாமல் படிப்பேன். அதோ, மூன்றாவது வரிசையில் பச்சைச் சால்வை போர்த்திக்கொண்டு இருக்கிறாளே, அவள்தான் என் மனைவி தமயந்தி. அவள் சீட்டு அறுபத்து மூன்று. அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம், அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

நாங்கள் இரண்டு பேர் வந்திருக்கிறோம். மூன்று பேராக வந்திருக்க வேண்டும்.

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. எங்கள் கம்பெனி எனக்குக் கிரீன் கார்டு கேட்டு மனுப் போட்டது. என் மகள் சுடர்விழிக்கு அப்போது ஒன்பது வயது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், இங்கே இரண்டு தமிழர்கள் சந்தித்தால் முதலில் ஊரைக் கேட்பார்கள், அடுத்து தேதியைக் கேட்பார்கள். "உங்க தேதி என்ன?" பிறந்த தேதி இல்லை. வரிசையில் இடம் பிடித்த தேதி. அந்தத் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டும். என்னுடையது ஏப்ரல் பதினேழு. சுடர் நான்காம் வகுப்பிலேயே வீட்டு முகவரி, அம்மாவின் போன் நம்பர், அப்பாவின் தேதி மூன்றையும் மனப்பாடமாகச் சொல்வாள். தொலைந்து போனால் உதவும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தொலைந்து போன பிள்ளைக்குத் தேதி எதற்கு என்று தமயந்தி கேட்டாள். அவள் அப்படித்தான் கேட்பாள்.

வரிசை அடுத்த படி. முதல் படி, மனுவை அங்கீகரிக்க வேண்டும். அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று ஓர் இணையப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். மனுவுக்குக் காகிதம் சேர்க்கத் தொடங்கிய அன்று நான்கு மாதம் என்று இருந்தது. சரி, நான்கு மாதம். நம்பினேன். மூன்றாவது வாரம் பார்க்கிறேன், ஐந்தரையிலிருந்து எட்டு மாதம் என்று இருக்கிறது. அதற்கு அடுத்த வாரம் ஆறு மாதம். அதற்கடுத்து ஏழிலிருந்து பதினொன்று. நான் ஒன்றும் செய்யவில்லை, என் மனு இன்னும் கிளம்பக்கூட இல்லை, எண் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. பஸ் எப்போது வரும் என்று கேட்டால் நிமிடத்துக்கு ஒரு நேரம் சொல்கிற ஆளை நம் ஊரில் என்ன சொல்வோம்? இங்கே அதற்கு நீல நிறத்தில் ஒரு கட்டம் போட்டு, கீழே 'மதிப்பீடு' என்று எழுதிவிடுகிறார்கள்.

எக்ஸெல்லில் ஓர் அட்டவணை போட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பக்கத்தைப் பார்த்து எண்ணை ஏற்றுவேன். சுடர் என் மடியில் உட்கார்ந்து பார்ப்பாள். அவளுக்கு ஒரு நாய் வேண்டும். "கார்டு வரட்டும், சொந்த வீடு வாங்குவோம், நாய் வாங்குவோம்" என்று சொல்லி வைத்திருந்தேன். எப்போது என்று கேட்டாள். ஆறு மாதம் என்றேன். ஒரு வெள்ளிக்கிழமை அட்டவணையைத் திறந்தால் கடைசியில் புதிதாக ஒரு பத்தி. மேலே 'நாய்' என்று தலைப்பு. கீழே 'நிலுவையில்' என்று எழுதியிருக்கிறாள். வக்கீல் கடிதத்தில் இருந்த சொல்லை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறாள், பாருங்கள். நல்ல மூளை. அதனால் என் கணக்குச் சூத்திரம் எல்லாம் குழம்பிவிட்டது. அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன்.

இப்போது ரத்தினவேல் என்று ஒருவர் வருகிறார். கரூர்க்காரர். ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேசை, வீடும் எதிர் அபார்ட்மெண்ட். அவருக்கும் எனக்கும் ஒரே மாதத்தில்தான் கம்பெனி மனுப் போட்டது. ஒரே வக்கீலம்மா. அவருடைய மகன் நகுலன் என் மகளைவிட இரண்டு மாதம் மூத்தவன். இதை மட்டும் மறக்காதீர்கள். இரண்டு மாதம் மூத்தவன்.

எனக்குப் பொறுக்கவில்லை. மனுவோடு சேர்த்தே அவசரக் கட்டணம் கட்டினால் பதினைந்து நாளுக்குள் பதில் சொல்லிவிடுவார்கள் என்று ஒரு வழி இருந்தது. ரத்தினவேலையும் கூப்பிட்டேன்.

"வெரட்டணுமாங்க?" என்றார். "அது பாட்டுக்கு வரட்டுங்க. பசங்க இருக்கறவங்க மெதுவா விட்டாலும் ஒரு நல்லது இருக்குதுன்னு வக்கீலம்மா சொன்னாங்க. நீங்களும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

மனுஷருக்குக் கட்ட மனசில்லை, அதற்கு ஒரு சமாதானம் சொல்கிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டுக் கட்டணத்தைக் கட்டினேன். கேட்கவில்லை. தாமதத்தில் என்ன நல்லது இருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்?

ஒன்பது நாள். மனு உள்ளே போன ஒன்பதே நாளில் அங்கீகாரம் வந்தது. ஆபீஸில் அப்படி யாருக்கும் வந்ததில்லை. தமயந்தியை மைசூர்பாகு கிண்டச் சொல்லி எடுத்துக்கொண்டு போய் மேசை மேசையாகக் கொடுத்தேன். ரத்தினவேலுக்கு இரண்டு துண்டு. அதற்குப் பிறகு அவரைப் பார்க்கிறபோதெல்லாம் கேட்பேன்:

"என்ன ரத்தினவேல், உங்க ஃபைலு நடந்து போகுதா, உருண்டு போகுதா?"

"தூங்குதுங்க. எழுப்ப வேண்டாம்னு விட்டுட்டேன்."

பதினான்கு மாதம் தூங்கியது அவருடைய ஃபைல். நடுவில் ஏதோ காகிதம் கேட்டார்கள், கொடுத்தார். மறுபடி தூங்கியது. பதினான்கு மாதம் கழித்து அவருக்கும் அங்கீகாரம் வந்தது. நான்தான் அவரைத் தேற்றினேன். "பரவால்ல, வரிசை ஒண்ணுதான், எனக்குப் பின்னாடி நில்லுங்க" என்றேன். சிரித்தார்.

பிறகு வரிசை. மாதம் ஒரு முறை எந்தத் தேதிவரை வந்திருக்கிறது என்று சொல்வார்கள். ஒரு மாதம் இரண்டு வாரம் நகரும். ஒரு மாதம் நகராது. ஒரு தடவை என் தேதிக்கு இன்னும் நான்கு மாதமே பாக்கி என்கிற இடம்வரை வந்து நின்றது. தமயந்தி பாயசம் வைத்தாள். அடுத்த மாதம் இரண்டு வருடம் பின்னால் போய்விட்டது. வரிசையில் நிற்கிறவனைப் பின்னால் தள்ளலாம், வரிசையே பின்னால் போகுமா? போகும். நான் பார்த்திருக்கிறேன்.

சுடர் வளர்ந்துகொண்டே இருந்தாள். அதை யாரும் நிறுத்தி வைக்கவில்லை. அவள் என் மனுவில் ஒட்டிக்கொண்டு வருகிறவள். இருபத்தொரு வயது வரைதான் ஒட்டிக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் அவள் எனக்கு மகள்தான், மனுவுக்கு யாரோ. இது அவளுக்கும் தெரியும். பதினான்கு வயதிலேயே கேட்டாள்.

"அதுக்கு முன்னாடி வந்துருமா அப்பா?"

"வந்துரும்."

பதினெட்டு வயதில் பள்ளிப்படிப்பு முடிகிற நேரம். ஒரு நாள் மாலை வந்து என் மேசை ஓரத்தில் நின்றாள்.

"அப்பா, டொரண்டோல இடம் குடுத்திருக்காங்க. உதவித்தொகையோட."

"இப்ப எதுக்கு அங்க? தேதி வரப்போகுது. வர்ற நேரத்துல நீ இங்க இருக்கணும்."

"எப்ப வரும்?"

அட்டவணையைப் பார்த்தேன். "ஆறு மாசம்."

"நாய்க்குச் சொன்ன ஆறு மாசமா?"

"விளையாடாத. இது வேற."

அட்டவணையைக் கீழ்வரை ஒரு முறை உருட்டிப் பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்து, எனக்கு இந்த ஆண்டு வர இயலவில்லை, மன்னிக்கவும் என்று டொரண்டோவுக்கு எழுதினாள். என் எதிரில்தான் எழுதினாள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று நான்தான் பார்த்துக் கொடுத்தேன். ஒன்றுகூட இல்லை.

உள்ளூர்க் கல்லூரியிலேயே சேர்ந்தாள். ஆறு மாதம் ஆயிற்று. இன்னோர் ஆறு மாதம். ஒரு பிப்ரவரியில் அவளுக்கு இருபத்தொரு வயது முடிந்தது. இங்கே தங்கிப் படிப்பை முடிக்க, அவள் பெயரிலேயே தனியாக மாணவர் விசா வாங்க வேண்டியிருந்தது. "இது சும்மா இடைக்கால ஏற்பாடு, தேதி வந்ததும் உன்னைச் சேர்த்துக்கலாம்" என்றேன். அன்று அவள் கேக் வேண்டாம் என்றுவிட்டாள்.

அதே வருடம் அக்டோபரில் என் தேதி வந்தது.

பன்னிரண்டு வருடம் காத்திருந்த தேதி. நான் மூன்று பேருக்கும் படிவம் எடுத்தேன். மூன்று பேருக்கும்தான். என் கோப்பைச் சுடரிடம் கொடுத்து, எல்லாக் காகிதத்தையும் ஸ்கேன் செய்து தரச் சொன்னேன். அவள் வேலை சுத்தமாக இருக்கும். அங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். அவளும் என்னைப் போல ஒரு வரி விடாமல் படிக்கிறவள் என்பதை யோசிக்கவில்லை.

மத்தியானம் ஒரு காகிதத்தோடு வந்தாள்.

"இது எப்ப வந்துச்சு அப்பா?"

வக்கீலம்மாவின் பழைய கடிதம். அவள் பள்ளி முடித்த வருடம் வந்தது. உங்கள் தேதி வருவதற்குள் உங்கள் மகள் இருபத்தொன்றைக் கடந்துவிட வாய்ப்பு அதிகம், வேறு நாட்டில் படிக்க இடம் கிடைத்தால் தவறவிட வேண்டாம் என்று எழுதியிருந்தார். வக்கீல்கள் இப்படித்தான் பயமுறுத்துவார்கள். பிள்ளைக்குப் பரீட்சை நேரம். அதைக் காட்டி எதற்குக் கலங்க வைக்க வேண்டும் என்று உறையோடு கோப்பில் வைத்துவிட்டேன். எந்த அப்பாவும் அதைத்தான் செய்வார்.

"இது மார்ச் பன்னெண்டு," என்றாள். "டொரண்டோவுக்கு நான் எழுதினது மார்ச் பத்தொம்பது."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நான் கணக்குப் போட்டுத்தான் சொன்னேன்."

"நீங்க ஆறு மாசம்னு சொன்னீங்க. நம்பினேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அந்தக் கடிதத்தையும் ஸ்கேன் செய்து, தேதி வரிசையில் சரியான இடத்தில் வைத்துக் கொடுத்தாள்.

நான் கேட்கிறேன், நான் மட்டும் நம்பவில்லையா? அந்தப் பக்கத்தில் நான்கு மாதம் என்றார்கள், நம்பினேன். ஆறு மாதம் என்றார்கள், நம்பினேன். போட்டிருக்கிற எண்ணை நம்பினவன் குற்றவாளியா, போட்டவர்கள் குற்றவாளியா? ஒருத்தர் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்டார்களா? பன்னிரண்டு வருடம் சார். என்னை இப்படி யாரும் ஏமாற்றியதில்லை.

மறுவாரம் வக்கீலம்மா போன் செய்தார்.

"சுடர்விழியோட படிவத்தைச் சேர்க்க முடியாது, குணசீலன். ஒரே ஒரு வழி பார்த்தேன். உங்க மனு எத்தனை நாள் நிலுவையில இருந்துச்சு?"

"ஒன்பதே நாள்," என்றேன். பெருமையாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

"அப்ப அவ வயசுல ஒன்பது நாள் கழிக்கலாம். போதாது."

இப்போது விடை தெரிந்துவிட்டதா? மனுவுக்கு வருகிற அங்கீகாரம். மனு எத்தனை நாள் அவர்கள் மேசையில் தூங்கியதோ, அத்தனை நாளைப் பிள்ளையின் வயதில் கழித்துக் கணக்குப் போடுவார்களாம். அவர்கள் தாமதத்துக்குப் பிள்ளை தண்டனை அனுபவிக்கக் கூடாதாம். நியாயம்தான். நல்ல சட்டம்தான். தாமதமாக வந்தவனுக்கு.

என் மகள் இருபத்தொரு வயது எட்டு மாதம். ஒன்பது நாளைக் கழித்தாலும் இருபத்தொன்றுக்கு மேல். ரத்தினவேல் மகன் இருபத்தொரு வயது பத்து மாதம். பதினான்கு மாதத்தைக் கழித்தால் இருபது வயது எட்டு மாதம். மூத்தவன் இளையவன் ஆகிவிட்டான். இளையவள் மூத்தவள் ஆகிவிட்டாள். என்ன, சிரிக்கிறீர்களா? சிரிக்கலாம். எனக்கே முதலில் சிரிப்புத்தான் வந்தது.

நகுலனுக்குப் படிவம் போய்விட்டது என்று தெரிந்த அன்று சாயங்காலம் ரத்தினவேல் வந்தார். இனிப்பு ஒன்றும் கொண்டு வரவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "உள்ள வரலாமுங்களா?" என்றார்.

"தெரிஞ்சே சும்மா இருந்துட்டீங்கல்ல?" என்றேன்.

"சொன்னேனுங்களே, குணசீலன்."

"ஒரு தடவ சொன்னா சொன்னதா?"

அவர் தமயந்தியைப் பார்த்தார். தமயந்தி அவரைப் பார்த்தாள். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டேன். பன்னிரண்டு வருடப் பழக்கம். கூடவே இருந்து என் மைசூர்பாகைச் சாப்பிட்டுவிட்டு, என் வீட்டுப் பிள்ளை வரிசையிலிருந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். துரோகம் என்றால் வேறென்ன? சுடர் மட்டும் எப்போதும்போல அவர் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். "அங்கிள் என்ன பண்ணாரு?" என்று என்னையே கேட்டாள்.

எண் என்ன ஆயிற்று? ஐம்பத்தெட்டு. இன்னும் நான்கு.

நான் விட்டுவிடவில்லை. இந்த மே மாதம் அவளுக்குக் கல்லூரி முடிந்தது. அதற்கு முன்பே இங்கே ஒரு கம்பெனியில் வேலை கொடுத்தார்கள். படித்து முடித்தவர்கள் கொஞ்ச காலம் வேலை பார்க்கலாம் அல்லவா, அந்த அனுமதியில் சேர்ந்துகொள்ளட்டும், நாங்களே அவள் பெயரில் மனுப் போடுகிறோம் என்றார்கள். இதைவிட என்ன வேண்டும்? நான் அந்த வேலைக் கடிதத்தை அச்செடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டி, பேனாவோடு சாப்பாட்டு மேசையில் வைத்தேன். புது அட்டவணை ஒன்றும் தொடங்கிவிட்டேன். அவள் பெயரில்.

"கையெழுத்து மட்டும் போடு," என்றேன். "இனிமே நீ எனக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு வர வேண்டாம். உனக்கே ஒரு தேதி கிடைக்கும்."

"எத்தனை வருஷம் ஆகும்?"

நான் வாயைத் திறந்தேன். அடுப்படியிலிருந்து தமயந்தியின் குரல் வந்தது.

"ஏங்க, ஆறு மாசம்னு மட்டும் சொல்லிராதீங்க."

சுடர் சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து, சரி, மனசு மாறிவிட்டது, போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். "மெதுவாப் போடு, அவசரக் கட்டணம் எல்லாம் வேண்டாம்னு சொல்லுவோம்" என்றுகூட வேடிக்கையாகச் சொன்னேன். நாளைக்கு அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் உதவும் என்றேன். அதற்கு அவள் சிரிக்கவில்லை.

கடிதம் நான்கு நாள் மேசையில் இருந்தது. சாப்பிடும்போது நகர்த்தி வைப்பார்கள், சாப்பிட்டு முடித்ததும் நான் திரும்ப எடுத்து வைப்பேன். அம்மாவும் மகளும் சுடரின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். இரண்டு பேருக்கும் அப்படி என்ன பேச்சு என்று எனக்குத் தெரியாது. என்னைக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் சட்டமே மாறலாம். பேச்சு அடிபடுகிறது. இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள்.

இந்த விரல் ரேகைக்குக்கூட மூன்று வாரத்தில் கூப்பிடுவோம் என்று போட்டிருந்தார்கள். எட்டு மாதம் ஆயிற்று. மூன்று வாரம் என்று நம்பி நான் ஆபீஸில் விடுப்பு எடுத்து, அதை ரத்துச் செய்து, மறுபடி எடுத்து... சரி, விடுங்கள்.

அறுபத்திரண்டு. என்னைத்தான். பாருங்கள், தமயந்தி எழுந்து எனக்கு முன்னாலேயே போகிறாள்.

என்ன கேட்டீர்கள்? கையெழுத்துப் போட்டாளா என்றா? போடவில்லை. டொரண்டோவுக்கே மறுபடி விண்ணப்பம் போட்டிருக்கிறாள், மேற்படிப்புக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை காலையில் ரத்தினவேல் காரில் கிளம்பிப் போனாள்.